என் குஷனில் உட்கார்ந்தவள்

என் சக்களத்திக்கு உயிர் கிடையாது. உயிரில்லாதவளைப் பார்த்து என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பவர்கள் ஒரு மாதம் என் வீட்டில் வந்து இருந்து பார்க்கட்டும்.

என் வீட்டுக்காரருக்குக் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் கூடத்தில் வேலை. விற்பனைக்கு வரப்போகும் காருக்குள் மனித அளவில் பொம்மைகளை உட்கார வைத்து, சுவர் மாதிரி நிற்கும் பெரிய சிமெண்ட் கட்டையில் கொண்டுபோய் இடிப்பார்கள். பொம்மையின் தலை, கழுத்து, நெஞ்சு, இடுப்பு எல்லாவற்றிலும் கருவி இருக்கும். உள்ளே நிஜமான ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா, எந்த எலும்பு போயிருக்கும் என்று அது சொல்லிவிடும். அந்தப் பொம்மைகளைப் பூட்டுவது, கழற்றுவது, உடுத்திவிடுவது, காரில் உட்கார வைப்பது எல்லாம் இவர் பொறுப்பு. பொம்மைகளில் ஆஜானுபாகுவாக ஒருவர் இருக்கிறார், கூடத்தில் அவரைப் பெரியவர் என்பார்கள். குள்ளமாக, மெல்லிசாக ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் சின்னவள்.

சின்னவள் வந்து சேர்ந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. "இன்னிக்குச் சின்னவளுக்கு முழங்கால் பார்த்தோம்." "சின்னவ கழுத்து ரப்பர் மாத்தணும், தேய்ஞ்சு போச்சு." எனக்கும்தான் முழங்கால் வலிக்கிறது. மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தைலம் வாங்கி வந்திருப்பாரா இந்த மனிதர்? அவளுக்கு மட்டும் முழங்காலைத் தட்டிப் பார்க்கத் தனியாக ஒரு இயந்திரம்.

அவள் இருக்கும் அறையில் இரவும் பகலும் ஏசி ஓடும். சூடு கூடினால் நெஞ்சு இளகிப்போய்க் கணக்கு தப்பிவிடுமாம். என் அறையில் ஒரு மின்விசிறி ஓடுகிறது, அதுவும் கடகடவென்று. என் நெஞ்சு இளகினால் யாருக்கு என்ன கணக்கு தப்பப்போகிறது?

மாடி வீட்டில் இருக்கிற என் நாத்தனாருக்கு இதில் ஏகக் கொண்டாட்டம். துணி காயப்போடும்போது மேலிருந்து குனிந்து கேட்பாள்.

"அண்ணி, எங்கண்ணனோட சின்ன வீடு சௌக்கியமா?"

"அவளுக்கென்ன கேடு? ஏசியில இருக்கா."

"எடை கூடிட்டாளா?"

"கூடவே மாட்டா. எடுத்த எடை அப்படியே இருக்கா. அதான் உங்கண்ணனுக்குப் பிடிச்சிருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். உள்ளே பற்றி எரியும். அவளுடைய எடை இவருக்குக் கிராம் சுத்தமாகத் தெரியும். என் பிறந்தநாள் எது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்.

என் வேலையைச் சொல்லவில்லையே. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். அதற்காக ஒரு பழைய சின்னக் கார் வைத்திருக்கிறேன். அது தயாரான காலத்தில் மோதினால் உப்பும் பை எல்லாம் விலை உயர்ந்த கார்களுக்குத்தான். இருக்கையை உயர்த்தவும் முடியாது. நானோ குள்ளம். பின்னால் வருகிறவர்களுக்கு என் கார் ஆளில்லாமல் போவது போலத் தெரியும் என்பது நாத்தனாரின் பழைய ஜோக். அதனால் இரண்டு கனமான ஸ்பாஞ்சைச் சேர்த்து, நீலப் பூப்போட்ட துணியில் உறை தைத்து, ஒரு குஷன் செய்து வைத்திருந்தேன். இருக்கையை முழுக்க முன்னால் இழுத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, தாடையைத் தூக்கினால்தான் எனக்கு ரோடு தெரியும்.

அந்தக் குஷன் மேல் என் வீட்டுக்காரருக்கு என்னவோ பகை.

"அதை எடுத்துடேன். பெல்ட் ஒழுங்கா நிக்காது."

"ரோடே தெரியலன்னா பெல்ட் நின்னு என்ன பண்ண?"

"வழுக்கும். சொன்னாக் கேளு."

"போய் உங்க சின்னவளுக்குச் சொல்லுங்க. அவதான் சொன்னபடி உட்காருவா."

அதோடு வாயை மூடிக்கொள்வார். பேசி ஜெயிக்கிற ஆள் இல்லை அவர். என்னிடம் பேசி யாரும் ஜெயித்ததும் இல்லை.

ஒரு நாள் காலையில் காரைத் திறந்தால் குஷனைக் காணோம். பின்சீட்டில் பார்த்தேன், டிக்கியில் பார்த்தேன், வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு நான்கைந்து பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். அது திருப்பத்துக்குத் திருப்பம் நழுவியது. கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி நீட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவர் வேலை செய்யும் கூடத்துக்கே போட்டேன். யாரோ ஒரு ஆள் எடுத்தார்.

"குஷனா? நீலப் பூப்போட்டதா? அது சின்னவகிட்ட இருக்குங்க."

எப்படிச் சொல்வேன் அந்த நேரத்துக் கோபத்தை! அன்றைக்கு என்னிடம் ஊசி குத்திக்கொண்டவர்கள் எல்லாம் புண்ணியவான்கள், எப்படியோ எனக்கு நரம்பு தவறவில்லை. முழங்காலைக் கொடுத்தார், பொறுத்துக்கொண்டேன். ஏசியைக் கொடுத்தார், போகட்டும் என்று விட்டேன். நான் கையால் தைத்த குஷனையும் தூக்கிக்கொண்டுபோய் அவளுக்குப் போட்டிருக்கிறாரே, இந்த மனிதருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! ரத்தப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு நேராகக் கூடத்துக்கு விட்டேன் வண்டியை.

வாசலில் காவலாளி உள்ளே போன் செய்தார். கூடத்தின் தலைவியே இறங்கி வந்தார். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டிக்கொண்ட அம்மா.

"வாங்க வாங்க. நீங்க வந்தாலும் வருவீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார்."

"அவர் எங்க மேடம்?"

"உள்ளதான் இருக்கார். வாங்க, இந்த வழியாப் போகலாம்."

அந்த வழி முழுக்க மோதி முடித்த கார்களை வருஷ வாரியாக வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கண் போனது. முதலில் நின்ற காரின் முன்பக்கம் அவ்வளவாக நசுங்கவில்லை, இரும்பு கெட்டி. ஆனால் ஸ்டீயரிங் தண்டு ஈட்டி போலப் பாய்ந்து இருக்கையின் முதுகில் குத்திக்கொண்டு நின்றது. உள்ளே உட்கார இடமே இல்லை. போகப் போக முன்பக்கம் அதிகமாக நசுங்கியது, உள்பக்கம் அதிகமாகப் பிழைத்தது. கடைசிக் காருக்கு மூக்கே இல்லை, கசக்கி எறிந்த காகிதம்தான். ஆனால் கதவு சாதாரணமாகத் திறந்திருந்தது. உள்ளே தொங்கிய வெள்ளைப் பைகளைத் தவிர எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"அடியை எல்லாம் கார் வாங்கிக்கணும், ஆள் வாங்கக் கூடாது. இதைக் கத்துக்கவே எங்களுக்கு இத்தனை வருஷமாச்சு" என்றார் தலைவி.

நான் தலையை ஆட்டினேன். என் மனசெல்லாம் குஷனில் இருந்தது.

கூடத்துக்குள் தண்டவாளத்தின் மேல் ஒரு மேடை. மேடையில் ஒற்றை இருக்கை, ஒரு பெல்ட், ஒரு ஸ்டீயரிங் வளையம். இருக்கையில் என் நீலப் பூக் குஷன். குஷனின் மேல் மகாராணியாகச் சின்னவள்.

அவள் காலடியில் மண்டியிட்டு என் வீட்டுக்காரர் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, சின்னத் தூரிகையை எடுத்து, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் நெற்றிக்கு நீலம் பூசினார். மூக்குக்கு மஞ்சள், கன்னத்துக்குச் சிவப்பு. மோதும்போது முகம் எங்கே இடிக்கிறதோ அங்கே அந்த நிறம் ஒட்டுமாம். எனக்கு அதெல்லாம் அப்போது காதில் ஏறவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இவர் இவ்வளவு நேரம் இருந்ததில்லை.

"என் குஷனைக் குடுங்க."

அவர் திரும்பினார். திடுக்கிடவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கொஞ்சம் பொறு. முடிஞ்சிடும்."

"மகாராணிக்கு வெறும் சீட்ல உட்கார முடியாதாமா? என் குஷன்தான் கேக்குதா?"

கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். அவர் சின்னவளின் இடுப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, எலும்பு எங்கே என்று அழுத்திப் பார்த்து, பெல்ட்டை எடுத்து அதன் மேல் படியவிட்டு, க்ளிக்கென்று பூட்டினார். எவ்வளவு மெதுவான கை! அந்தக் கையை நான் மறந்தே போயிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த இருக்கை என் கார் இருக்கை. என் காரிலிருந்து கழற்றியது இல்லை, அதே மாடலில் இன்னொன்று. அதை ஸ்டீயரிங்குக்கு மிக அருகில் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். அவளுக்குத் தாடை தூக்கியிருந்தது. போன வாரம் இவர் கையில் அளவு நாடாவோடு என் காருக்குள் குனிந்திருந்தது ஞாபகம் வந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றோம். மணி அடித்தது. மேடை பாய்ந்து, இடித்து, நின்றது. அவ்வளவுதான். நான் கண்ணைச் சிமிட்டியதில் பாதியைத் தவறவிட்டேன்.

பிறகு அதையே திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். சின்னவள் முன்னால் போகிறாள். பெல்ட் பிடிக்கிறது. குஷன் அவளுக்கு அடியில் அப்பளமாக நசுங்குகிறது. நசுங்கி, வழுக்கி, அவளையும் இழுத்துக்கொண்டு போகிறது. இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவி இறங்குகிறது. இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பெல்ட் மேலே ஏறி, வயிற்றுக்குள் புதைகிறது. முகம் மடங்கி வளையத்தில் இடிக்கிறது.

யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் ரத்தத்தோடு புழங்குகிறவள். வயிற்றுக்குள் கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார்கள். என் கை என்னையறியாமல் என் வயிற்றின் மேல் போனது.

"ரொம்ப நாள் பெரியவரை மட்டும் வெச்சே எல்லாக் காரையும் சோதிச்சோம்" என்றார் தலைவி. "பெல்ட், பை, எல்லாம் அவர் உடம்புக்குத்தான். சின்ன உடம்புக்காரங்களுக்கு அடி எங்க விழும்னு யோசிக்கவே இல்ல. உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு கூட்டத்துலயும் எழுந்து நிப்பார். எங்க வீட்ல ஒருத்தி தினமும் கார் ஓட்டுறா, பெரியவர் தோளுக்குக்கூட வரமாட்டா, அவளை எந்தக் கணக்குல வெச்சிருக்கீங்கன்னு கேப்பார். அந்தத் தொல்லை தாங்காமதான் சின்னவளை வாங்கினோம்."

நான் அவரைத் தேடினேன். அவர் மேடையில் இருந்தார். சரிந்து கிடந்தவளை நிமிர்த்தவில்லை, பெல்ட்டைக் கழற்றவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். ஸ்டீயரிங் வளையத்தில் அவள் நெற்றி நீலம் அப்பியிருந்தது.

"வாயால சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னேனே. நீ கேட்டியா?"

நான் வளையத்தில் அப்பியிருந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"உயரம், எடை, எல்லாத்துலயும் நீயும் இவளும் ஒண்ணுதான். ஆனா இவளுக்கு எல்லாம் பெட்டியில அடுக்கி வெச்சிருக்கேன். விலா தனியா, கழுத்து தனியா. போனா மாத்திடுவேன்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு ஒண்ணு போச்சுன்னா நான் எங்க போய் வாங்குவேன்?"

கூட வேலை செய்கிறவர்கள் மறுபடியும் கூரையைப் பார்த்தார்கள்.

குஷன் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவர் தன் கார் சாவியை என் கையில் கொடுத்தார். அது அவர் ஆசையாக வாங்கிய புதுக் கார். அதில் இருக்கையை உயர்த்த ஒரு நெம்புகோல் உண்டு, முன்னால் பையும் உண்டு. இனி என் பழைய வண்டியில் அவர் போவாராம். நெம்புகோலைத் தூக்கித் தூக்கி என்னை உயர்த்தினார். ரோடு தெரிந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளினார். அப்போதும் தெரிந்தது. பிறகு கதவோரம் மண்டியிட்டு, என் இடுப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து எலும்பைத் தேடினார்.

"கூசுது."

"அசையாதே. அவ அசையவே மாட்டா."

"அவளுக்கு வாயும் கிடையாது. அதையும் சொல்லுங்க."

"நீயே சொல்லிட்டியே."

மேலே மாடியில் நாத்தனார் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெல்ட்டைப் படியவிட்டு, க்ளிக்கென்று பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இன்னிக்குக் கூடத்துல அவளுக்கும் இதே மாதிரி போட்டுவிடுவீங்களா?"

"வேலையாச்சே. போடாம இருக்க முடியுமா?"

நான் சாவியைத் திருப்பினேன்.

"சரி, போடுங்க. முதல்ல எனக்குத்தானே போட்டீங்க."