பத்து லட்சத்து ஒன்று செய்த துரோகம்

ஓர் எண் என்னை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டது. அதன் பெயர் பத்து லட்சத்து ஒன்று.

டைல்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் டைல்ஸைத் தட்டில் அடுக்கியவன் நான். ஓய்வு பெற்ற அன்று கையில் கொடுத்தனுப்பிய டைல்ஸின் பின்பக்கம் 1000001 என்று அச்சடித்திருந்தது. அடுக்குகிறவனுக்கு எந்த எண்ணைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: மிச்சமில்லாமல் சம வரிசையில் அடங்குமா? முப்பது சாது, ஐந்து வரிசையில் அடங்கிவிடும். முப்பத்தொன்று எதிலும் அடங்காத திமிர்க்காரன், பகா எண்.

என்னுடையது எந்த ஜாதி என்று பார்க்க உட்கார்ந்தேன். மூன்றால் வகுத்தால் இரண்டு மிச்சம். ஏழால் வகுத்தாலும் இரண்டு. பதினொன்று, பதிமூன்று, அதே இரண்டு! பேனாக்கள் தீர்ந்தன, விரல் தேய்ந்து பாதியானது. நூறு வரை ஒன்றையும் விடவில்லை. நூறில் நிறுத்தினேன். எங்கள் தட்டில் நூறு வரிசைக்கு மேல் கிடையாது. நூற்றோராவது வரிசை வைத்தவனை மேஸ்திரி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

வாசகசாலையில் ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்து, ஏழு தெருவுக்குக் கேட்கும்படி, "பகா எண்!" என்று அறிவித்தேன்.

பக்கத்தில் என் மனைவியின் தம்பி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். "அந்த எண் உடைஞ்சா என்ன தருவீங்க அத்தான்?"

"இந்த நாற்காலி உனக்குத்தான் மச்சான். உசிரு இருக்கிறவரைக்கும் உக்காந்துக்கோ."

பன்னிரண்டு வருஷமாக வேறு யாரும் உட்காராத நாற்காலி அது. மறுநாள் காலை ஒரு துண்டுச் சீட்டோடு வந்தான். நூற்றொன்று பெருக்கல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று.

பெருக்கினேன். தலைகீழாகப் பெருக்கினேன். பத்து லட்சத்து ஒன்று.

"நூறோட ஏன் நின்னீங்க?"

"தட்டு அவ்வளவுதான்டா!"

"அது உங்க தட்டு அத்தான். எண்ணுக்கு ஏது தட்டு? எந்திரிங்க."

நூறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். நூற்றோராவது வீட்டில் அந்த நூற்றொன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது! மரியாதையுள்ள எண்ணாக இருந்தால் ஒரு கனைப்பாவது கனைத்திருக்க வேண்டாமா?

எழுந்து கொடுத்தேன். அவன் சாய்ந்து உட்கார்ந்த சாய்வில் எனக்கு ரத்தம் கொதித்தது.

"சரி, அந்த ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணு உடையுமா? உடைச்சுட்டா நாற்காலி உனக்கேதான். முடியலைன்னு ஒத்துக்கிட்டா எந்திரிக்கணும்."

"இதெல்லாம் ஒரு எண்ணா?" என்று பேனாவைத் திறந்தான்.

அது உடையாது. நூறுக்குள் ஏதாவது அதை வகுத்திருந்தால் பத்து லட்சத்து ஒன்றையும் வகுத்திருக்கும். என் நோட்டில் மாட்டியிருக்கும். நூறுக்கு மேலேயும் வழியில்லை. நூறைத் தாண்டிய இரண்டு எண்களைப் பெருக்கினாலே பத்தாயிரத்தைத் தாண்டிவிடும்.

இதை நான் ஏன் அவனிடம் சொல்ல வேண்டும்? மூன்று நாளாக அவன் குனிந்த தலை நிமிரவில்லை. இன்று காலை நூற்று ஐம்பத்தேழில் இருந்தான்.

"இன்னும் மேல போய்ப் பாரு மச்சான்" என்றேன். "எண்ணுக்கு ஏது தட்டு?"