பிக், பிக்கர், பிக்கஸ்ட்

1964-இல் மழைக்காலம் முடிந்த வாரம் தாராவியில் ஆட்டுத்தோல் விலை ஏறியது, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது, சைனப் பீவியின் பத்தடி அறை பதினோரு அடியாக வளர்ந்தது. வெளியே அளந்தால் பழைய பத்தடிதான். உள்ளேதான் கூடியிருந்தது.

அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். சைனப்பின் மூத்த மகன் ஷாகுல் ஹமீது தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். ஏர்வாடியிலிருந்து அவன் கட்டிக்கொண்டு வந்த ஹபீபாவுக்கு அறையில் எப்படியோ ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. பட்டறையில் தோல்கட்டுகள்மேல் படுத்தான். கல்யாணமாகி ஐந்து மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது குழாயடி வரிசையில்தான், அதையும் ஊரே கேட்டது. சைனப் பொல்லாதவள் அல்ல. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: "ஏலே, நோம்புப் பெருநா முடிஞ்சதும் இவள ஊருக்கு அனுப்பிரு. வருசத்துக்கு ஒருக்கா நீ போயிட்டு வா. இங்க எடம் எங்க கெடக்கு?" ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் காலம் தள்ளினார்கள். ஹபீபாவுக்கு அப்படிப் போக மனமில்லை.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கணேசபாண்டியன் என்ற ரயில்வே குமாஸ்தா மாலையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்தார். பிக், பிக்கர், பிக்கஸ்ட் என்று அவர்கள் போட்ட கூச்சலில் பலகை அதிர்ந்தது. பெரியது, அதைவிடப் பெரியது, எல்லாவற்றிலும் பெரியது என்று அவர் சொன்ன அர்த்தமும் சுவர் வழியே வந்தது. ஹபீபா ஓதப் பழகிய விதத்திலேயே முன்னும் பின்னும் ஆடி, ராகம் போட்டு, அரிசி களைந்தபடி சொல்லிப் பார்த்தாள். பிக் என்றபோது ஒன்றும் ஆகவில்லை. பிக்கர் என்றதும் சுவர் ஓரடி நகர்ந்தது. சைனப் வந்து பார்த்துவிட்டு, "இன்னொரு மட்டம் சொல்லு, பாப்போம்" என்றாள்.

சொல்லச் சொல்ல அறை நீண்டது. தன் அறை போயிருக்குமோ என்று கணேசபாண்டியன் ஓடிப்போய் டேப் வைத்து அளந்தார். "ஒரு அங்குலங்கூடக் கொறையல, நீங்க சொல்லுங்க தாயி" என்று உற்சாகமாகச் சொன்னார். ஷாகுல் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். ஹபீபாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பெருநாளும் வந்து போனது, ஊர்ப்பேச்சை யாரும் எடுக்கவில்லை. தெரு சும்மா இருக்குமா? மூன்றாவது வார்த்தையையும் சொல்லச் சொல்லி வாசலில் கூடி நச்சரித்தது. ஹபீபாவுக்கும் ஆசைதான். பிக்கஸ்ட் என்றாள். எதிர்ச்சுவர் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் உள்ளேயே பட்டம் விட்டார்கள்.

முதலில் கூரை ஒழுகியவர்கள் வந்தார்கள், பிறகு வாடகை கட்ட முடியாதவர்கள், பிறகு மதராஸ் மெயிலில் தாதரில் இறங்கி நேரே ஹபீபா வீட்டுக்கு வழி கேட்டவர்கள். "அல்லா குடுத்த எடம், வாசல்ல நின்னு மறிக்கவா முடியும்?" என்றாள் சைனப். உள்ளே இரண்டு டீக்கடையும் ஒரு கபடி அணியும் முளைத்தன. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் பம்பாயிலேயே பெரிய அறையில் பாய் விரிக்க இடமில்லை. ஷாகுல் மறுபடி பட்டறைக்குப் போனான். சைனப் மருமகளின் முகத்தைப் பார்க்காமல் ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்து வந்தாள்.

அன்று மாலை டியூஷனில் புதுப் பாடம் நடந்தது. அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஹபீபா, ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட் என்று ஒரே மூச்சில் சொன்னாள். டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே, கைகூட நுழையாத இடுக்கில் ஓர் அறை உண்டானது. பட்டறைக்கு ஆள் அனுப்பி ஷாகுலை வரவழைத்தாள்.

"தல இடிக்கி புள்ள" என்றான் அவன்.

"நிமிராதிய மச்சான். ரெண்டு பேரு உக்காரலாம்."

மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமே இல்லை. இடுக்கிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதும் சைனப் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் வீடு கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் இரண்டு ரூம் என்று சொன்னாள். அவர் இரண்டாவதைத் தேடி டிரம் பக்கம் நகர்ந்தபோது, தமிழிலேயே, "அதுல எம்மவனும் மருமவளும் இருக்காவ. கூப்புடாதிய" என்றாள். அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.