இறங்காத கை

திண்டிவனத்தில் துரைக்கண்ணு வாத்தியார் தும்மினால், அவருடைய சிலம்பக் கூடத்தில் சத்தியம் செய்தவர்கள் எல்லோரும் எங்கிருந்தாலும் தும்முவார்கள். ரயிலடியில் மூட்டை தூக்குகிறவன் தும்முவான். மாமியார் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பவன் தும்முவான். வாத்தியாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஊர் தன் வேலையைப் பார்க்கும். சத்தியம் எளிமையானதுதான். களத்து மண்ணைத் தொட்டு, வேறு வாத்தியாரிடம் போகமாட்டேன், சொன்னதை ஏன் என்று கேட்கமாட்டேன் என்று சொல்லி, அவர் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் கை உயர்ந்தால் குடித்தவன் கையும் உயரும். பதிலுக்கு அவர் மல்லாட்டை எண்ணெய் மில்லில் வேலை வாங்கித் தருவார், போலீஸ் பிடித்தால் பேசி மீட்டு வருவார். அதனால் யாரும் அதை நஷ்டமாக நினைக்கவில்லை.

விருத்தாசலம் 1955இல் சேர்ந்தான். கோலியனூர் காலனியில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. அவனைப் போன்றவர்களை மற்ற கூடங்களில் வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். துரைக்கண்ணு உள்ளே விட்டார். அந்த நன்றி அவனுக்கு எலும்புவரை இருந்தது. சில வருஷங்களில் அவனைவிட வேகமாகக் கம்பு சுற்ற ஆளில்லை.

பிறகு கோலியனூர் பஞ்சாயத்துத் தேர்தலில் வாத்தியாரின் மச்சான் நின்றார். காலனிக்காரர்கள் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஓட்டுக்கு முந்தின நாள் காலையில் வாத்தியார் கூடத்து ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். தெருமுனையில் பெண்கள் மறித்து நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் விருத்தாசலத்தின் அக்கா ஜெயம்.

"எங்க ஓட்டு எங்களுது, தம்பி. அடிக்கணும்னா மொதல்ல என்னை அடிச்சிட்டுப் போ."

வாத்தியார் கையைத் தூக்கினார். எல்லாக் கம்புகளும் உயர்ந்தன. அடிப்பதற்காகக் கையை இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. விருத்தாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கையை மேலேயே பிடித்து வைத்திருந்தான். அந்தக் கட்டு இரண்டு பக்கமும் இழுக்கும் என்பதை அதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

"எறக்குடா!"

"ஏன் வாத்தியாரே? இன்னாத்துக்கு இவங்கள அடிக்கணும்?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் மற்றவர்களுக்கு உள்ளே ஏதோ அவிழ்ந்தது. ஒவ்வொருவராகக் கம்பைக் கீழே போட்டார்கள். ஒருவன் அங்கேயே ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டான். இரண்டு கைகள் மட்டும் உயர்ந்தபடி நின்றன.

"அடிக்க வேணாம்னு உங்க வாயால சொல்லுங்க, எறக்கறேன்."

"சொல்லமாட்டேண்டா."

"அப்ப இருக்கட்டும்."

இருந்தது. மறுநாள் பெண்கள் போய் ஓட்டுப் போட்டார்கள். மச்சான் எப்படியோ ஜெயித்தார், ஆனால் அந்தத் தெருவில் ஓட்டு வாங்காமல்தான். விருத்தாசலத்துக்கு மில் வேலை போயிற்று. ஜெயம் அவன் சட்டைக்குத் தோளோடு கையைப் பிரித்துப் பொத்தான் வைத்துத் தைத்தாள். கேப்பைக் கூழை இடது கையில் கொடுத்தாள். சில நாள் அவன் அழுதான். வலிக்காக அல்ல, வேலிக்குள் விட்ட மனிதர் அவர் ஒருவர்தானே என்று. திண்டிவனத்திலோ, வியாபாரிகள் சங்கக் கூட்டங்களில் எல்லாத் தீர்மானத்துக்கும் வாத்தியார் ஆதரவு என்று எழுதிக்கொண்டார்கள். கூடத்தில் புதிதாக யாரும் சத்தியம் செய்யவில்லை.

1967இல் அவர் தனியாக பஸ் ஏறிக் கோலியனூருக்கு வந்தார். மெலிந்திருந்தார். "முடியலடா" என்றார். விருத்தாசலம் எழுந்து நின்று, "சொல்லிடுங்க வாத்தியாரே" என்றான். அவர் தெருவைப் பார்த்தார். கதவுக்குக் கதவு ஆட்கள் நின்றார்கள். சொல்லாமலே திரும்பிப் போனார். இரண்டு வருஷத்தில் இறந்தார். பாடையைக் கூடத்து வாசல் வழியாக எடுக்க முடியாமல் கூரையைப் பிரித்தார்கள்.

செய்தி வந்த அன்று ஜெயம், "இனிமே எறக்கலாமேடா" என்றாள்.

விருத்தாசலம் கையை மெல்ல இறக்கினான். இறங்கியது. விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டான்.

"இப்ப இது என் கை, அக்கா. எனக்குத் தோணுறப்ப எறக்கறேன்."

அவனுக்குத் தோன்றவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர்கள் அவனைப் படியோரம் நிறுத்தி, "கைய பாத்து ஏறுண்ணே" என்று சொல்லி விசில் அடித்தார்கள்.