இரண்டிலிருந்து தொடங்கும் பெட்டி

2

ஒன்று எங்கே என்று தேடாதீர்கள். அச்சுப் பிழை இல்லை, பக்கமும் கிழியவில்லை. இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே இரண்டிலிருந்துதான்.

பள்ளிக்கரணையில் ஒரு பழைய சாமான் கடை. ஃபேன் ரெகுலேட்டர் தேடிப் போனவன் நான். கடைக்காரம்மா முனியம்மா குவித்து வைத்திருந்த ஒயர், மோட்டார், கால் உடைந்த நாற்காலி இவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பெட்டி கிடந்தது. உள்ளே ஃப்ளாப்பிகள். கையகலத்துக்குக் கறுப்பாக, பொரிக்காத அப்பளம் மாதிரி வளையுமே, அந்தப் பழைய ரகம். ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி, குண்டு குண்டான கையெழுத்தில் 'எழுத்துகள் 2', 'எழுத்துகள் 3' என்று எண் ஏறிக்கொண்டே போனது. ஒன்றாம் எண்ணை மட்டும் காணோம். பெட்டியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். முனியம்மாவிடம் கேட்டதற்கு, "ஒண்ணு இல்லாங்காட்டி இன்னா சார், மீதி அம்புட்டும் கீதே" என்றார்.

ரெகுலேட்டரை மறந்துவிட்டுப் பெட்டியை வாங்கி வந்தேன். வீட்டில் அதற்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுதப்போவதில்லை.

என்னைக் குடைந்தது இதுதான். நடுவில் ஒன்று தொலையலாம், கடைசி தொலையலாம். எல்லாவற்றையும் இவ்வளவு பத்திரமாக அடுக்கி வைத்த ஒருத்தி (கையெழுத்தைப் பார்த்து 'ஒருத்தி' என்று நானே முடிவு கட்டிவிட்டேன், மன்னிக்கவும்) முதலாவதை மட்டும் எப்படித் தொலைப்பாள்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை ஜோடிக்கிறேன். பெட்டி ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

3

முதல் தொடக்கம்: 'யூனிஸ் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியபோது வானம் மூட்டமாக

வேண்டாம். கம்ப்யூட்டர் கெட்டுப்போன கதைக்கு வானம் எதற்கு?

இரண்டாம் தொடக்கம்: 'ஹார்ட் டிஸ்க் என்பது யாதெனில்

ஐயோ, பாடம் எடுக்கவா வந்தேன்? இப்படி வைத்துக்கொள்வோம். தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெயவேலுவின் கல்யாணப் பத்திரிகைக் கடை. ஜெயவேலு கீழ்க்கட்டளைக்காரர். விளைநிலம் பிளாட்டாக மாறிய பிறகு அச்சுத் தொழிலுக்கு வந்தவர். அந்தத் தெருவில் யாரும் யோசிக்காத காலத்திலேயே ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, அதைப் பார்த்துக்கொள்ள யூனிஸை வேலைக்கு வைத்தார். யூனிஸ் குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவள். அப்பா சுவிசேஷமுத்து பள்ளிக்கூட வாத்தியார். மகள் 'டைப்படிக்கிற வேலை' பார்க்கிறாள் என்றுதான் சர்ச்சில் எல்லாரிடமும் சொல்வார்.

அது டைப்படிக்கிற வேலையே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் வந்த தமிழ் எழுத்து குச்சி குச்சியாக, நாலு நாள் பட்டினி கிடந்த மாதிரி இருக்கும். பத்திரிகையில் மணமக்கள் பெயர் போட உதவாது. யூனிஸ் தானே எழுத்து வரைய உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்து நகர்த்திப் புள்ளி புள்ளியாக, ஒரு எழுத்துக்கு ஒரு படம். முதலில் கஷ்டமானவற்றை எடுத்தாள்: ழ, ஞ, ணை, ளை. சுழி அவள் நினைத்த மாதிரி விழும்வரை அடுத்த எழுத்துக்குப் போகமாட்டாள். இப்படி இரண்டு வருஷம். ஒன்றுகூடக் காகிதத்தில் கிடையாது, எல்லாம் மெஷினுக்குள்.

மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து செய்ய ஆள் தேடியது. யூனிஸ் எழுதிப் போட்டாள். திங்கட்கிழமை எழுத்துகளோடு வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. (அதெப்படிச் சரியாக வியாழக்கிழமை என்று கேட்பீர்கள். கதை எழுதுகிறவன் நான், எனக்கு வியாழக்கிழமைதான் வசதி.)

வெறுங்கையோடு போனால் அந்த வேலை இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலைக்கு அப்பா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

4

ஆனால் பேக்கப் இருந்தது. யூனிஸ் கடைசி எழுத்தை முடித்த அன்றே எல்லாவற்றையும் ஃப்ளாப்பிகளில் எடுத்து வைத்திருந்தாள். அதனால் சர்வீஸுக்கு வந்த சாம்பசிவன் அலட்டிக்கொள்ளவில்லை. செத்ததைக் கழற்றிவிட்டுப் புது ஹார்ட் டிஸ்க் மாட்டி, புது டாஸும் ஏற்றிக் கொடுத்து, ரீஸ்டோர் போட்டால் எல்லாம் வந்துவிடும், டென்ஷன் வேண்டாம் என்றார்.

[டாஸ்: அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி வேலை வாங்குகிற புரோகிராம். அதற்குள்ளேயே பேக்கப், ரீஸ்டோர் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. முதலாவது, இருப்பதை ஃப்ளாப்பிகளாகப் பிரித்து எடுத்து வைக்கும். இரண்டாவது, திருப்பித் தரும். தருவதாகச் சொல்லும்.]

யூனிஸ் ரீஸ்டோர் என்று அடித்தாள். வெர்ஷன் சரியில்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. சாம்பசிவன் அடித்துப் பார்த்தார். ஆளுக்குத் தகுந்த பதில் சொல்லும் பழக்கம் அதற்கு இல்லை, அதே வரி வந்தது. எடுத்து வைத்தது பழைய டாஸ், திருப்பிக் கேட்பது புது டாஸ். தன் குடும்பத்து ஆள் கட்டி வைத்த மூட்டையையே அதற்கு அவிழ்க்கத் தெரியவில்லை. சாம்பசிவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யூனிஸுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் சுபாவம் வேறு, பயத்துக்கு முன்னால் 'ஏன்' வந்து நிற்கும். எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த ஒரு வேலையை மட்டும் மாட்டேன் என்கிறதே, ஏன்? அலமாரியைக் குடைந்து பழைய டாஸ் இருந்த ஃப்ளாப்பியைத் தேடி எடுத்து, அதைக் கொண்டே மெஷினை எழுப்பினாள். மறுபடி ரீஸ்டோர். இந்தத் தடவை மறுக்கவில்லை. முதல் ஃப்ளாப்பியைப் போடு, போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையை அழுத்து என்றது.

யூனிஸ் பெட்டியைத் திறந்தாள். இரண்டிலிருந்துதான் இருந்தது.

5

சாம்பசிவன் இரண்டாவதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டாள். வரிசை தப்பு, மாற்றிப் போடு, பரவாயில்லை என்றால் தொடரலாம் என்றது திரை. (இந்த 'பரவாயில்லை என்றால்' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மெஷினுக்கு அது வெறும் வரி. பரவாயில்லையா என்பதை அது நம் தலையில் கட்டிவிடுகிறது.)

பரவாயில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. வரைந்த வரிசையிலேயே பேக்கப் ஆகியிருந்தது. அப்படியென்றால் ழ, ஞ, ணை, ளை எல்லாம் முதலாவதில். மீதியை வைத்துக்கொண்டு கீழ்க்கட்டளை என்று முதலாளியின் ஊர்ப் பெயரைக்கூட எழுத முடியாது. மவுண்ட் ரோடுக்காரர்களிடம் அவள் காட்ட நினைத்ததே அந்த எழுத்துகளைத்தான்.

ஜெயவேலு கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். என்ன கேட்கிறது மெஷின் என்று விசாரித்தார். முதல் ஃப்ளாப்பி என்று சாம்பசிவன் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. பேப்பர் வெட்டும் மெஷினுக்கு மேலே இருந்த சாமி மாடத்துக்குப் போனார்.

கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகைகளில் முதலாவது சாமிக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுக்க ஆரம்பிப்பார்கள். வீட்டுக்காரர்கள் செய்கிற வேலை அது. ஜெயவேலு அதற்கும் ஒரு படி மேலே, கடையில் அச்சாகி வரும் முதல் பத்திரிகையைத் தாமும் மாடத்தில் வைத்துவிடுவார். அங்கே அடுக்கியிருந்த பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து அவர் உருவி எடுத்து வந்த ஃப்ளாப்பியில் நாலு மூலையிலும் மஞ்சள் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். மெஷின் படிப்பதற்காக ஃப்ளாப்பியின் உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். குங்குமம் சரியாக அதில் இறங்கியிருந்தது.

"பத்திரிக மாரின்னு நெனச்சிகினு இருந்தேம்மா" என்றார் ஜெயவேலு. "ஆயிரம் அடிச்சாலும் எல்லாம் ஒண்ணுதானே. ஒண்ண சாமிக்கு வச்சா மீதி கீதேன்னு இருந்துட்டேன்."

6

இங்கே ஒரு சண்டை வந்தாக வேண்டும். எழுதியும் பார்த்தேன்:

'யூனிஸ் அந்த ஃப்ளாப்பியை மேஜைமேல் விட்டெறிந்தாள். "ரெண்டு வருஷ உழைப்பு சார், உங்க

நிற்கவில்லை. அழித்துவிட்டு அழ வைத்தேன். அழவும் மாட்டேன் என்றாள். முதலாளி என்ற பயமா? இல்லை, இதே முதலாளியிடம் தலைப்பு கோணல் என்று அச்சை நிறுத்தியவள் அவள். பொறுமைசாலியா? பொறுமைசாலி 'ஏன்' கேட்டுக்கொண்டே இருக்கமாட்டாள். என் பாத்திரம் எனக்கே பிடிபடாமல் ஜெயவேலுவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு ஒரு பிளேடு வேண்டும் என்றாள்.

ஜெயவேலுவைக் கோமாளியாக்குவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஆனால் மனுஷன் பிளேடைக் கொடுத்துவிட்டு, கேட்காமலே ஒரு எவர்சில்வர் தட்டில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, அதை ஏந்தியபடி நின்றார்.

யூனிஸ் உறையை ஓரமாகக் கீறினாள். உள்ளே பழுப்பு நிறத்தில் மெல்லிய வட்டம் ஒன்று. விளிம்பை மட்டும் பிடித்து வெளியே எடுத்து, தண்ணீரில் இறக்கி மெதுவாக அலசினாள். தண்ணீர் சிவந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு உள்ளே வைக்கிற மெல்லிய தாளை விரித்து, அதன்மேல் போட்டு ஒற்றி எடுத்தாள். புது ஃப்ளாப்பி ஒன்றைக் கீறி, அதன் வட்டத்தை எடுத்துவிட்டு, அந்த உறைக்குள் இதைச் செருகினாள். இது எந்த மேனுவலிலும் கிடையாது என்று சாம்பசிவன் சொன்னார். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஃப்ளாப்பியை உள்ளே தள்ளிப் பூட்டினாள். முதலாவதைப் போட்டுவிட்டாயா, போட்டிருந்தால் ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று திரை காத்திருந்தது. யாரும் அழுத்தவில்லை.

"நீயே அழுத்தும்மா" என்றார் ஜெயவேலு. "என் கை வோணாம்."

7

ஒரு முடிவு: விளக்கு எரிகிறது, மெஷின் மெல்ல முனகுகிறது, ஒவ்வொரு எழுத்தின் பெயராகத் திரையில் இறங்கி வருகிறது. ழ வந்ததும் சாம்பசிவன் கைதட்டுகிறார். திங்கட்கிழமை யூனிஸ் மவுண்ட் ரோடு போகிறாள்.

இன்னொரு முடிவு: கரகரவென்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்று ஒரு வரி. அவள் பள்ளிக்கூட ஆபீசில் சேர்கிறாள். அங்கே வருகைப் பதிவேட்டில் எழுதும் பெயர்களில் ழ வரும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கிறது.

எது என்று என் பெட்டியைக் கேட்டுப் பார்த்தேன். அது இரண்டுக்கும் தலையாட்டுகிறது. முதலாவது பாழாகியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு, மீதியை எறிய மனம் வராமல் வைத்திருப்பாள். பிழைத்திருந்தால், வேலை முடிந்ததும் அது மறுபடி மாடத்துக்கே போயிருக்கும். எப்படிப் பார்த்தாலும் பெட்டி இரண்டிலிருந்துதான் தொடங்கும். நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. விசை உங்களுக்கு.

ஆனால் அவளுக்கு ஏன் கோபம் வரவில்லை என்பது பாக்கி நிற்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் அழுத்தக் கூடாது. அதற்கு ஒன்றாம் பகுதி வேண்டும். இல்லாததை இப்போது எழுதுகிறேன்.

1

கடைசி எழுத்து முடிந்த சாயங்காலம். பேக்கப் ஓடி முடித்து, யூனிஸ் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜெயவேலு வந்து எட்டிப் பார்த்தார். எல்லா எழுத்தும் முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்தது என்றாள்.

அவர் உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். ஈரத்தை வேட்டியில் துடைத்துவிட்டு, முதல் பத்திரிகையை வாங்கும்போது நீட்டுவாரே, அப்படி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். "மொதலாவது குடும்மா. சாமிகிட்ட வச்சிடறேன்."

இது பத்திரிகை மாதிரி இல்லை சார், ஒவ்வொன்றும் வேறு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். இரண்டு வருஷமாக அப்பா அதை டைப் என்றார். கடைக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டரே வரைந்துகொள்கிறது என்றார்கள். சாம்பசிவன்கூட ஒருமுறை டைம்பாஸா மேடம் என்று கேட்டிருக்கிறார். அவள் செய்ததற்காகக் கை கழுவிக்கொண்டு வந்து நின்றவர் இவர் ஒருவர்தான். அது அவளுடைய சாமி இல்லை. இருந்தாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதலாவதை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். குங்குமத்தைத் தொட்ட விரல் நடுவே அந்தத் திறப்புக்கு நேராகப் போவதை யூனிஸ் பார்த்தாள். அங்கே வைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சும்மா இருந்தாள்.

சரி, இப்போது அழுத்துங்கள்.