கை உள்ளே இருக்கும்போது

பைப்பில் ஸ்பேனர் இரண்டு தட்டு தட்டியதும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு ஓடினாள். டிவிக்குப் பின்னால் கையை விட்டு வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். நான்கு பச்சைப் பொட்டுகளும் அணைந்தன. பிளக்கைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் யாராவது எடுத்துச் சொருகிவிடுவார்களோ என்று பயம். முதலாளி வீட்டில் அப்போது அவளைத் தவிர யாரும் இல்லை.

தோட்டத்துக்கு அந்தப் பக்கம், நீச்சல் குளத்தின் படிக்குக் கீழே மோட்டார் அறை. அங்கே அவள் கணவன் குத்தவைத்து உட்கார்ந்து, மோட்டாரின் மூடியைத் திருகிக் கழற்றி, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டிருப்பான். குளத்தோரத்து மரம் நாள் முழுக்கக் கொட்டைகளை உதிர்த்தது. வடிகட்டும் கூடையில் நிற்காமல் நழுவியவை மோட்டாரின் விசிறி வரை போய்ச் சிக்கிக்கொள்ளும். கம்பியால் குத்தினால் விசிறி உடையும். விரல்தான் போக வேண்டும்.

முன்பெல்லாம் சுவரில் இருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கையை விடுவான். "கட்டை நம்ம பையில இருக்கிற வரைக்கும் கடவுளே வந்தாலும் மோட்டார் ஓடாது" என்பான். நான்கு மாதத்துக்கு முன் வீட்டுக்கார ஐயா அந்தப் பழைய போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். மோட்டார் ஓடுகிறதா, தண்ணீரில் மருந்து எவ்வளவு, சூடு எவ்வளவு, எல்லாம் ஐயாவின் ஃபோனுக்கும் அம்மாவின் ஃபோனுக்கும் போகும். ஓடினால் பச்சை விளக்கு, நின்றால் சிவப்பு. பெட்டிக்குப் பூட்டும் சீலும் உண்டு. சீலை உடைத்தால் மாட்டிய கம்பெனி பொறுப்பில்லை.

"என் ஃபோன்லயும் அதைப் போட்டுக் குடுங்கய்யா" என்று கேட்டான்.

"உனக்கெதுக்குப்பா அதெல்லாம்? நிறுத்தணும்னா அம்மாகிட்ட சொல்லு. எங்க இருந்தாலும் நிறுத்திடுவாங்க."

கொட்டை எடுப்பது வாரா வாரம் செவ்வாய்க்கிழமை. பெட்டி வந்த பிறகு முதல் செவ்வாய்க்கிழமை அம்மா எங்கிருந்தோ நிறுத்தினார். ஆபீசில் இருந்த ஐயா ஃபோனில் சிவப்பைப் பார்த்தார். ஏதோ கோளாறு என்று நினைத்து அங்கிருந்தே ஓடவிட்டார். அவன் கையை வெளியே இழுத்துக்கொண்டிருந்த நேரம். நடுவிரல் நகம் மட்டும் போயிற்று.

வைஃபை வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு நாள் நெட் போயிருந்தபோது அம்மா ஃபோனைத் தட்டோ தட்டென்று தட்டினார், மோட்டார் அசையவில்லை. வைஃபை இல்லையென்றால் பெட்டிக்குக் காது கேட்காது என்று அவளுக்குப் புரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அம்மாவிடம் சொல்லி மோட்டாரை நிறுத்தியதும் ஸ்பேனர் இரண்டு தட்டு. பிளக் வெளியே. வேலை முடிந்ததும் மறுபடி இரண்டு தட்டு. பிளக் உள்ளே.

இன்றைக்கும் இரண்டு தட்டு கேட்டது. சொருகினாள். நிமிர்ந்தபோது வாசலில் ஐயா நின்றிருந்தார்.

அரைமணி நேரத்தில் அவனும் ஹாலுக்கு அழைக்கப்பட்டான். குளத்து வேலையிலிருந்து எழுந்து, கையைத் துடைக்க நேரமில்லாமல் வந்திருந்தான். விரல் நுனியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அம்மாவும் வந்துவிட்டிருந்தார். மாடியில் பீரோவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமையானா பதினோரு மணிக்கு வீட்டுக் கேமரா எல்லாம் பத்து நிமிஷம் செத்துப்போகுது" என்றார் ஐயா. "நான் நெட் கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"நான்தாங்க பிடுங்குனேன்" என்றாள் அவள்.

"அதான் பாத்தேனே. எதுக்கு?"

"இவரு கை உள்ள இருக்கும்போது நீங்க ஓட்டிடக் கூடாதுன்னு."

"நான் எதுக்கு ஓட்டப் போறேன்?"

"ஒரு தடவை ஓட்டுனீங்களே."

கணவன் அவளை முழங்கையால் இடித்தான். இந்த வீட்டை விட்டுப் போகச் சொன்னால் இரண்டு வேலையும் போகும், கார் ஷெட்டுக்கு மேலே இருக்கிற அறையும் போகும்.

"அது தெரியாம நடந்தது. அதுக்கப்புறம் நடந்துச்சா?"

"நடக்காம இருக்கத்தான் பிடுங்குனேன்."

"கேமரா எதுக்கு வச்சிருக்கு? நீ பாட்டுக்கு வீட்டையே இருட்டாக்கிட்டு நிப்பியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"பழைய ஃபியூஸ் கட்டையை மறுபடி வச்சுக் குடுங்கன்னு இவரு மூணு தடவை கேட்டாரு. நீங்க ஃபோனைப் பாத்துக்கிட்டே சரி சரின்னீங்க."

அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "எல்லாம் இருக்கு" என்றார். "ரெண்டு தடவை பாத்துட்டேன்."

ஐயா மூச்சு விட்டார். "எனக்குத் தெரியும், நீங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல. வேற யாராவதா இருந்தா இன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க. இனிமே இந்த மாதிரி ஒளிச்சு மறைச்சு எதுவும் வேண்டாம். சரியா?"

"சரிங்கய்யா" என்றான் கணவன். அவள் தரையில் கிடந்த தண்ணீரைத் துணியால் துடைத்தாள்.

ஷெட்டுப் படியேறும்போது அவன் கேட்டான்: "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?"

"நீங்க கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. நானும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கேன்."

இரண்டே நாளில் வைஃபை பெட்டி கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. சாவி அம்மாவின் கைப்பையில். மோட்டார் அறைக் கூரையில் புதிதாக ஒரு கேமரா வந்தது. பார்க்கவும் செய்யும், பேசவும் செய்யும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னாள். மோட்டார் நின்றது, விளக்கு சிவப்பானது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு நேராக மோட்டார் அறைக்குப் போனாள்.

அவன் மூடியைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை அதில் கனத்துத் தொங்கியது.

"அது எதுக்கு இன்னும்?"

"சும்மா. பழக்கம்."

அவன் கையை உள்ளே விட்டான். அவள் அவனுக்குப் பின்னால் மண்டியிட்டு, தோளுக்குக் கீழே அந்தக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். "நீங்க விளக்கைப் பாக்காதீங்க. வேலையைப் பாருங்க. நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணு ஆழமா மாட்டியிருக்கு" என்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

கூரையில் கரகரவென்றது. "அங்க ரெண்டு பேருக்கும் என்ன வேலை?" ஐயாவின் குரல்.

அவள் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கை உள்ள இருக்குங்கய்யா."

"என்ன? சரியா கேக்கல."

"கை! உள்ள! இருக்கு!"

"இரு இரு. ஃபோன்ல சத்தத்தைக் கூட்டுறேன்."

மோட்டாரை ஓட்டும் பொத்தானும் அதே ஃபோனில்தான். அவள் காலைச் சுவரில் உதைத்து அவன் கையைப் பிடுங்கினாள். இருவரும் மல்லாந்து ஈரத் தரையில் விழுந்தார்கள். அவன் முழங்கையில் தோல் வழன்று தொங்கியது. மூடிய விரல்களுக்குள் இரண்டு கொட்டைகள் இருந்தன. பையிலிருந்து தெறித்த ஃபியூஸ் கட்டை உருண்டுபோய் வெள்ளைப் பெட்டிக்குக் கீழே நின்றது.

விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"ஆங், இப்ப நல்லா கேக்குது" என்றது கேமரா. "சொல்லுங்க."