ஒன்றே முக்கால் மணி நேரம்

மார்ச் 11, புதன்கிழமை, காலை 6.35. விமான நிலையத்தின் இரண்டாம் சரக்குக் கூடத்துக்கு எதிரே சரக்கு விமானம் ஒன்று வந்து நின்றது. புறப்பட்ட நிலையத்துக்கும் இதற்கும் இடையே 8,140 கிலோமீட்டர். வழக்கமாகப் பறக்கும் நேரம் ஒன்பது மணி ஐம்பது நிமிடம். அன்று ஆனது பதினொன்று முப்பத்தைந்து.

பொரித்து ஒரு நாளே ஆன ஆறாயிரம் கோழிக்குஞ்சுகளை அறுபது பெட்டிகளில் கூடத்துக்குள் இறக்கி வைத்தார்கள். பண்ணைக்காரி மேல்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். குஞ்சுகள் அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. சூடு தாங்காத குஞ்சுதான் அப்படி வாயைத் திறக்கும். பறக்கும் விமானத்தின் குளிர்ந்த அறைக்குள் அத்தனை சூடு எங்கிருந்து வந்தது?

“ஏன் இவ்வளவு லேட்டு?” என்றாள்.

“எதிர்க்காத்து அண்ணி,” என்றான் கொழுந்தன். அவளுடைய சரக்கையெல்லாம் விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அவன்தான். “காத்துகிட்ட போய் நான் சண்டை போடவா?”

“போன மாசமும் எதிர்க்காத்துதான். இருபது நிமிஷம்தான் லேட்டு. இந்த மாசம் அதுக்கு அப்படி என்ன கோவம்?”

“நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கணும்.”

சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்து அல்ல, பெட்டி கட்டிய நாடாவைப் பார்த்து.

வழியில் மூன்று நாடுகளில் பறவைக் காய்ச்சல். அங்கே தரையைத் தொட்ட விமானத்தில் வந்த குஞ்சுகளை அரசாங்கம் எரித்துவிடும். தெரியாமல் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனாலோ, பண்ணையில் நிற்கிற பதினெட்டாயிரம் கோழிகளின் கதி என்ன ஆகும் என்று அவளால் சொல்ல முடியாது.

குஞ்சு பொரிப்பகத்தின் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. போன தடவை குஞ்சுகள் செத்தபோது பழியை விமானத்தின் தலையில் கட்டினார்கள். அதனால் இந்தத் தடவை, வெப்பத்தைப் பதிவு செய்யும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைப் பொரிப்பகத்துக்கு அனுப்பி, பதினேழாம் பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருந்தாள். கொழுந்தனிடம் மூச்சு விடவில்லை. இப்போது மரத்தூளைத் துழாவி அதை எடுத்து லேப்டாப்பில் சொருகினாள்.

திரையில் கோடு ஒன்பது மணி நேரம் இருபத்துநான்கு டிகிரியில் படுத்துக் கிடந்தது. பிறகு முப்பத்தாறுக்கு ஏறி, ஒரு மணி நேரம் அங்கேயே நின்று, மறுபடி இறங்கியது.

“இதுவும் காத்தா?”

அவன் லேப்டாப்பை விட்டு விலகி நின்றான். “ஏதோ கோளாறுன்னு விமானத்தை வழியில இறக்கிட்டாங்களாம் அண்ணி. ஒரு பெட்டியைக்கூட வெளிய எடுக்கலை. சத்தியமா.”

“எங்க?”

“காய்ச்சல் இருக்கிற இடம்தான்.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“விடியக்காலையில போன் வந்துச்சு. சொன்னா நீங்க நேரா கால்நடை டாக்டர்கிட்ட போய் ஒப்பிச்சிடுவீங்க. ஆறாயிரம் உசுரு அண்ணி...”

“வீட்ல பதினெட்டாயிரம் இருக்கு.”

கால்நடை மருத்துவர் முத்திரையோடு வந்தார். “நேரா வந்த விமானம்தானேம்மா? கையெழுத்து போட்டுடலாமா?”

கொழுந்தன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் ஒரு பெட்டியின் மூடியைச் சரியாக மூடினாள். பிறகு லேப்டாப்பை மருத்துவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அன்று மாலை நான்கு மணிக்கு அறுபது பெட்டிகளும் எரிக்கப்பட்டன. அடுத்த சரக்கு ஏப்ரல் 8 அன்று வந்தது. பறந்த நேரம் ஒன்பது மணி ஐம்பத்திரண்டு நிமிடம். அதை விடுவித்தவர் வேறு ஏஜென்ட்.