வெள்ளைப் பூ சொன்ன பிளக்

நிதீஷுக்குக் காரில் ஒரே ஸ்பார்க் பிளக் வேண்டுமாம். காலையில் ஆர்.எஸ். புரத்துக்கு டிபன் சாப்பிடப் போகும்போதும் அதே பிளக், ஞாயிற்றுக்கிழமை நேர்கோட்டில் சீறுகிற டிராக் ரேஸில் நானூறு மீட்டரைப் பன்னிரண்டு நொடிக்குள் முடிக்கும்போதும் அதே பிளக். கல்யாணத்துக்கும் சேற்று வயலுக்கும் ஒரே செருப்புதான் போடுவேன் என்று நிற்கிற ஆளிடம் என்ன பேசுவது? ஏழு மாதம் பேசிப் பார்த்தேன்.

நான் மெர்சி. கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கும் கிரைண்டர் கல் கடைக்கும் நடுவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கார் இன்ஜினைப் பிரித்து வேகத்துக்குத் தோதாக மறுபடி கட்டுவது என் தொழில். பதினோரு வருடமாக, வருகிற ஒவ்வொருத்தனும் வாசலில் நின்று, "ஏனுங்க, முதலாளி இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறான். என் கையில் கிரீஸ், எதிரில் பிரித்துப் போட்ட இன்ஜின், தலைக்கு மேலே என் பெயர் போட்ட போர்டு. அப்படியும் முதலாளி எங்கோ டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றுதான் அவன்களுக்குத் தோன்றும். கண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான்களோ என்னவோ.

அதற்காகத்தான் நிதீஷின் காரை எடுத்தேன். ஜப்பானில் செய்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற டர்போ வைத்தது. ரேஸில் ஜெயித்தவனிடம் மைக்கைக் கொடுத்து, இன்ஜின் யார் கட்டியது என்று கேட்பார்கள். கோயமுத்தூரில் வேகமாக வண்டி ஓட்டுகிற அத்தனை பேரும் அங்கே நிற்பார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு தடவை என் பெயர் வந்தால் போதும், அதற்கப்புறம் எவனும் முதலாளியைத் தேடமாட்டான். "மொதல்ல உங்க பேருதானுங்க்கா," என்று நிதீஷ் என் கடையில் நின்று சொன்னான். அவனுக்கு இருபத்தெட்டு வயது, சொன்ன சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருக்கும் என்று நம்பினேன்.

பிளக் விஷயம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஹாட் பிளக், கோல்டு பிளக் என்று உண்டு. ஹாட் பிளக் முனையிலேயே சூட்டை வைத்துக்கொள்ளும். சிக்னலில் நின்று நின்று போகிற காருக்கு அது நல்லது, கரியை எரித்துவிடும். கோல்டு பிளக் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். ஊருக்குள் ஓட்டினால் கரி பிடித்து இன்ஜின் விக்கும், ஆனால் ரேஸில் டர்போ முழுக்க ஊதும்போது அதுதான் தாங்கும். அந்த நேரத்தில் ஹாட் பிளக் இருந்தால் முனை கங்காகப் பழுத்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டன் ஓட்டையாகிவிடும். இரண்டு செட் வைத்துக்கொள், ரேஸ் நடக்கிற இடத்தில் மாற்றித் தருகிறேன், அரை மணி நேர வேலை என்றேன்.

"அதெப்படிங்க்கா? ஊட்டுல இருந்து ஓட்டிட்டு வந்து, ஜெயிச்சுப்போட்டு, அப்படியே ஓட்டிட்டுப் போனாத்தானுங்க கெத்து."

அவனுடைய வாட்ஸப் குரூப்பில் நாற்பது பேர். நாற்பது பேரும் நாற்பது பிளக் சொன்னார்கள். நாலு முனை வைத்த பிளக் போட்டால் நாலு பொறி வரும் என்று ஒரு மேதாவி எழுதியிருந்தான். பொறி எந்த முனை தோதோ அந்த ஒன்றில்தான் தாவும் என்று சொன்னால், "அக்கா ஓல்டு ஸ்கூல்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. ஸ்கூட்டர் பிளக்கைக்கூடத் தொட்டுப் பார்க்காத பயல்கள்.

கடைசியில் அவன் அப்பா பாலுசாமி என்னைத் தொண்டாமுத்தூருக்கு வரச் சொன்னார். எண்பது ஏக்கர் தென்னை. அந்தத் தோப்பில்தான் என் அம்மா முப்பது வருடம் மட்டை பொறுக்கினாள். அம்மா அவரைச் சாமி என்பாள், நான் சார் என்பேன். ஒவ்வொரு சாருக்கும் அவர் புருவம் ஒரு தடவை ஏறி இறங்கும். அவர் மனைவி பழனாத்தாள் காபி கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குப் பேப்பர் கப். பையனுடைய காருக்குள் கைவிடலாம், டம்ளரைத் தொடக்கூடாது. அந்தக் காபியைக் குடிக்காமல் அப்படியே ஆறவிட்டேன்.

"ரெண்டு பேரும் எதுக்கு மல்லுக்கட்டறீங்க? ஆத்தாகிட்டப் பூ கேட்டுப்போடலாம்," என்றார் பாலுசாமி.

பவானிப் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயில். பொண்ணு பார்த்தாலும் போர் போட்டாலும் அங்கே போய்ப் பூ கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். ஆத்தாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்கள் மாதாவிடம் கேட்காததா? ஆனால் கேட்கிறவனுக்குப் புத்தி வேண்டாமா? எத்தனையோ பேர் கண்ணீரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மனிடம் போய் ஸ்பார்க் பிளக்கைப் பற்றிக் கேட்பார்களா மனுசர்கள்?

கேட்டார்கள். "இப்ப இருக்கற பிளக்கே இருக்கட்டுமா தாயே?" என்று கேட்டார்களாம். இப்போது இருப்பது ஹாட் பிளக். வெள்ளைப் பூ வந்தது.

"உத்தரவு ஆயிப்போச்சு அம்மணி," என்று பாலுசாமி போன் செய்தார். "இனி அதப்பத்திப் பேச்சே வேண்டாம்."

"பிஸ்டன் உருகிப்போயிருமுங்க சார்."

"ஆத்தா பாத்துக்குவா."

ஏழு மாதம் நான் பார்த்ததை இனி ஆத்தா பார்த்துக்கொள்வாளாம். போனை வைத்துவிட்டு, கோல்டு பிளக் நாலை எடுத்து, கேப் என்கிற முனை இடைவெளியைக் கேஜ் வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்து டூல் பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.

ரேஸ் அன்றைக்குக் காலையில் பானெட்டில் குங்குமம், கண்ணாடியில் எலுமிச்சம்பழம் என்று கார் வந்து சேர்ந்தது. பயிற்சிக்கு ஒரு தடவை முழு வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தான். இன்ஜின் ஆறும்வரை பொறுத்திருந்து ஒரு பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக வெள்ளி மினுக்கியது. நிதீஷைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதென்னன்னு தெரியுதா தம்பி? உங்க பிஸ்டன். உருக ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ரெண்டு ஓட்டம் தாங்கினா அதிசயம்."

பயலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தான். அவர் தூரத்தில் யாருக்கோ வெள்ளைப் பூ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாத்திப்போடுங்க்கா. அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"மைக்ல?"

"உங்க பேருதானுங்க்கா. அப்பா மேல சத்தியமா."

மாற்றினேன். மூன்று ஓட்டம் ஜெயித்தான். கடைசி ஓட்டத்தில் உக்கடம் சாஜித்தின் கார் பக்கத்தில் நின்றது. நாலு வருடமாக அந்தப் பிரிவில் சாஜித்தை யாரும் ஜெயித்ததில்லை. அவன் தன் காரைத் தானே கட்டி, தானே ஓட்டுகிறவன். பதினொன்று புள்ளி நாலு நொடியில் நிதீஷ் ஒரு பானெட் நீளம் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டினான். நான் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினேன், தொண்டை கட்டிவிட்டது.

மைக்கைக் கொடுத்தார்கள். "இன்ஜின் யாரு பண்ணது ப்ரோ?" என்று அறிவிப்பாளர் கேட்டார். நிதீஷ் என்னைப் பார்த்தான். அப்புறம் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"எல்லாம் ஊட்டுலயே பாத்துக்கிட்டோமுங்க," என்றான். "எங்க ஆத்தா குடுத்த பிளக்குங்க."

பாலுசாமி மைக்கை வாங்கிப் பூ கதையை முதலிலிருந்து சொன்னார். ஜனம் கை தட்டியது. சத்தியத்தைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்பு வந்தது.

நேரே காரிடம் போனேன். பானெட்டைத் திறந்தேன். சூடான இன்ஜினில் பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். என்ன கோபமாக இருந்தாலும் மரையைக் கெடுக்க எனக்குக் கை வராது. டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்து, அவர்கள் போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக நாலையும் கழற்றினேன்.

கோப்பையோடு குடும்பம் வந்தது. "ஏன் அம்மணி, எதுக்குக் கழட்டற?" என்றார் பாலுசாமி.

"இது என்னோடது சார். என் கடையில இருந்து கொண்டாந்தது. உங்க ஆத்தா சொன்ன பிளக் இந்தாங்க," என்று பழைய நாலையும் அவர் கையில் வைத்தேன். "காத்தாலயே மாத்திப்போட்டேன். உங்க பையனுக்குத் தெரியும். அதுல ஒட்டியிருக்கறதப் பாருங்க, உங்க பிஸ்டன்தான்."

பாலுசாமி மகனைப் பார்த்தார். மகன் ஷூவைப் பார்த்தான். பாலுசாமி கையிலிருந்த பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தியா பழனாத்தா? ஆத்தாளே இந்தப் புள்ள கையில எறங்கி மாத்தி வெச்சிருக்கா! பிஸ்டனக் காப்பாத்திப்போட்டா பாரு!"

பழனாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கும்பிடவும் செய்தார்கள், என்னையில்லை, காரை. அடப்பாவிகளா! நான் பேச்சை மீறியதைக்கூட என் கணக்கில் விடமாட்டீர்களா?

"அக்கா, அந்தப் பழைய பிளக்க மாட்டிக் குடுத்துட்டுப் போங்க, ஊட்டுக்குப் போகோணும்," என்றான் நிதீஷ் மெதுவாக.

"உங்க ரோட்டுக்கு அதுதான் சரியான பிளக். மாட்டிட்டு ஓட்டிட்டுப் போங்க. ஸ்பேனர் கெடக்குது பாருங்க," என்று சொல்லிவிட்டு டூல் பாக்ஸைத் தூக்கினேன்.

நாலு தப்படி போயிருப்பேன், சாஜித் எதிரில் வந்து நின்றான். தோற்றவன் முகம், வியர்வைகூடக் காயவில்லை. என் கையிலிருந்த பிளக்குகளைப் பார்த்துக் கையை நீட்டினான். ஒன்றைக் கொடுத்தேன். போன் வெளிச்சத்தில் பீங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழுப்பு நிறம், ஒரு புள்ளிகூட மினுக்கவில்லை. முதலாளி எங்கே என்று அவன் கேட்கவில்லை.

"இந்த டர்போவுக்கு கேப் எத்தனைங்க வெச்சீங்க?" என்றான்.

ஏழு மாதத்தில் அந்த வீட்டில் ஒருத்தர் வாயிலும் வராத கேள்வி. எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவன் பார்க்கட்டும் என்று துடைக்காமல் நின்றேன்.

"மொதல்ல பேரக் கேளுங்க," என்றேன். "மெர்சி. கேப் எல்லாம் அப்பறம்."